பாக்கைத் தொடாத விருந்தாளி

ராயபுரத்தில் ஓட்டலுக்கா பஞ்சம்? ஆனால் குனிந்து நுழைந்தால்தான் சோறு என்று வாசல் வைத்த மகராசன் ஒபியோரா ஒருவன்தான். நைஜீரியாக்காரன், கப்பல் சமையல்காரன். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. அங்கே ஊரில் சண்டை மூண்டது, திரும்பிப் போக வழியில்லை. மீன் விற்ற ஃப்ளோரன்ஸ்தான் அவனுக்குக் கஞ்சி கொடுத்தாள், பிறகு வீட்டில் இடம் கொடுத்தாள், பிறகு ஊர் வாயில் விழுந்தாள்.

ஓட்டலின் ஒவ்வொரு பலகையும் அவன் சொன்னபடிதான் வந்தது. எல்லாம் கப்பலில் சரக்குக்கு அடியில் போட்டுக் கழித்த மரம். வியாசர்பாடியிலிருந்து வந்த தச்சர் பக்தவச்சலம் தினமும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, வாசல இம்மாங் குட்டையா வெக்கச் சொல்றே? வர்றவன் மண்ட பூடும்."

"எங்க அப்பன் வூடு அப்டித்தான் கீது. குனிஞ்சு வரணும். நிமுந்தா எதிர்ல குந்திகினு கீற என் மூஞ்சிதான் மொதல்ல தெரியணும்," என்றான் ஒபியோரா.

மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து உரலில் இடித்து உருட்டுவான். தொட்டுக்கொள்ள வெண்டைக்காயும் கருவாடும் போட்ட வழவழக் குழம்பு. ஆப்பிரிக்கக் கப்பல் வந்தால் கடை நிறையும், வராத நாளில் ஈ ஓட்டுவார்கள். யார் வந்தாலும் முதலில் மரத்தட்டில் பாக்கு நீட்ட வேண்டும். அவன் ஊரில் அதற்கென்றே ஒரு கொட்டை உண்டாம். இங்கே கிடைக்காததால் கொட்டைப்பாக்கு. விருந்தாளி தொட்டுக் கொடுக்க, வீட்டுக்காரன் உடைத்து, எல்லாரும் மென்ற பிறகுதான் பேச்சு. ஃப்ளோரன்ஸுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, மோதிரம் மாற்றி, ஞாயிறு பூசைக்குத் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். சாமியார் முடியாது என்றுவிட்டார். ஒபியோராவுக்கு ஊரில் உஜு என்று ஒரு பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். அவள் உயிரோடிருந்தால் இந்தக் கல்யாணம் ஏது? மூன்று வருஷமாக ஒரு கடிதம் இல்லை. அவன் ஓட்டல் வைத்ததே, ஊர் மாலுமி எவனாவது ஒரு நாள் சேதியோடு வருவான் என்றுதான். ஃப்ளோரன்ஸ் என்ன சேதிக்காக ஜெபித்தாள் என்று கேட்காதீர்கள். மாதாவிடம்கூட அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

எழுபதாம் வருஷம், சண்டை ஓய்ந்து ஆறு மாதம் கழித்து, ஒரு நடுப்பகலில் மாலுமி ஒருவன் குனிந்து நுழைந்தான். அவன் பாஷையைக் கேட்டதும் ஒபியோரா எழுந்து கட்டிக்கொண்டான். பக்கத்து ஊர்க்காரனாம். ஃப்ளோரன்ஸ் தட்டை நீட்டினாள். வந்தவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவளுக்குச் சுருக்கென்றது. நீட்டிய பாக்கைத் தொடாதவன் அந்த வீட்டையே வேண்டாம் என்கிறவன் அல்லவா? கோயில் வாசலில் முகம் திருப்பிக்கொள்ளும் பெண்கள் போதாதென்று, கப்பலேறி வந்து இவனுமா?

"இன்னாய்யா, என் கையால வாங்கினா கொறஞ்சிடுவியா?" என்று கத்தி, அவன் கையைப் பிடித்திழுத்து, பாக்கைத் திணித்து விரல்களை மூடினாள். மாலுமி பதறி அதைத் தரையில் போட்டான்.

"வுட்டுடு ஃப்ளோரா," என்றான் ஒபியோரா. "சாவு சேதி கொண்டாந்தவன் அத்த தொடமாட்டான்."

மாலுமி மெல்லச் சொல்லத் தொடங்கினான். ஃப்ளோரன்ஸுக்குப் பாஷை புரியவில்லை, கை புரிந்தது. இடுப்பு உயரம் ஒன்று, முழங்கால் உயரம் ஒன்று, பிறகு ஒட்டிப்போன வயிறு. நடுவில் உஜு என்ற பேர்.

பாவி மனசு! அந்தப் பிள்ளைகளுக்காக அழ வேண்டிய நேரத்தில், மூன்று வருஷமாக அடைத்துக் கிடந்த மூச்சு "அப்பாடா" என்று வெளியே வந்துவிட்டது. மெதுவாகத்தான் வந்தது. ஆனால் ஒபியோரா திரும்பி அவளைப் பார்த்தான்.

மறுவாரம் அவளே துறைமுகத்துக்கு ஓடி, உஜுவும் செத்துப்போனாள் என்று மாலுமியிடம் எழுதி வாங்கி, சாமியாரிடம் காட்டினாள். அவர் சம்மதித்துவிட்டார். காகிதத்தை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓட்டலுக்கு வந்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெயம ஓல வாசிக்கிறாராம்!"

ஒபியோரா உலக்கையை நிறுத்தி, அன்று அந்த "அப்பாடா"வுக்குப் பார்த்த அதே பார்வை பார்த்தான். காகிதத்தை வாங்கி, படிக்காமலே அடுப்பில் செருகினான்.

"உஜு உயிரோடதான் கீறா," என்றான். "போயி சாமியார்கிட்ட சொல்லு."