நாக்கைக் கட்டியவள்

அந்தக் கேக் கடையின் பின்பக்க அடுப்படியில் டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டும் வழக்கமே கிடையாது. எந்த டப்பாவில் என்ன கிரீம் என்று யாராவது கேட்டால், "ருசியக்காவைக் கேளு" என்பதுதான் பதில். ருசியக்கா கரண்டி நுனியால் தொட்டு நாக்கில் வைப்பாள். வெண்ணெய் நேற்று வந்ததா, முந்தாநாள் வந்ததா என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. கடையில் யாருக்கும் அது ஞாபகமில்லை. அவள் ருசி பார்த்து "சரி" என்று சொல்லாமல் எந்தக் கேக்கும் வாசலைத் தாண்டாது. முதலாளியம்மா இதைச் சொல்லிச் சொல்லியே பாதி வியாபாரத்தைப் பிடித்திருந்தாள்.

அந்த நாக்குக்குத்தான் மூன்று மாதமாகப் பூட்டு.

டாக்டரால் வந்த வினை என்று சொன்னால் அது அந்த டாக்டருக்குச் செய்கிற அநியாயம். அந்த அம்மாள் சொன்னது இவ்வளவுதான்: சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடை குறைய வேண்டும், எதையும் அடியோடு விட வேண்டாம், அளவைக் குறையுங்கள், ஆசையாக இருந்தால் ஒரு சின்னத் துண்டு சாப்பிட்டுவிட்டு நாலு எட்டு நடங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனுக்கும் அதே புத்திமதி. அவர் அதே கடையின் வேனை ஓட்டுகிறவர். வயிறு ஸ்டியரிங்கை இடித்துக்கொண்டிருந்த காலம் அது. மனுஷன் தலையாட்டிவிட்டு வந்து சொன்னபடி செய்தார். தட்டில் வழக்கத்தில் பாதி, சாயங்காலம் ஒரு நடை, கேக் ஓரத்தை வெட்டும்போது விழும் துண்டில் விரல் அகலத்துக்கு ஒன்று. அதை வேனில் சாய்ந்தபடி அவ்வளவு மெதுவாகத் தின்பார், பார்க்கிறவர்களுக்குக் கோபமே வரும்.

ருசியக்காவுக்கு வந்தது. அவளுக்கு அளவு என்ற பேச்சே ஆகாது. செய்தால் முழுசாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது. கைபேசியில் ஒல்லியான ஒரு பெண் தினமும் வந்து "சுத்தச் சாப்பாடு" பற்றிப் பேசுவாள். சர்க்கரை விஷம், மைதா விஷம், வெண்ணெய் விஷம், ஒரு வாய் போனாலும் உடம்பு அழுக்கு. மற்றதை எல்லாம் மறந்தாலும் ருசியக்கா அந்த "அழுக்கு" என்ற சொல்லை மறக்கவில்லை. வேக வைத்த காய், அவித்த முட்டையின் வெள்ளை, வெந்நீர். இதைத் தவிர அவள் வாயில் வேறெதுவும் போகவில்லை.

"ஒரு துண்டுல என்ன ஆயிடப் போகுது?" என்பார் புருஷன்.

"எல்லாரும் ஒரு துண்டுன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. உங்களுக்கு வாயைக் கட்டத் தெரியலை. அதுக்கு அளவுன்னு ஒரு பேரு வச்சிருக்கீங்க."

"எனக்கும்தான் எடை குறைஞ்சிருக்கு."

"என்னளவுக்கா?"

"இல்லம்மா, உன்னளவுக்கு இல்ல. உனக்குச் சிரிப்பும் சேர்ந்து குறைஞ்சிருக்கு."

கண்ணாடியில் கழுத்தெலும்பு தெரிந்தது. பழைய ஜாக்கெட்டுகள் தொளதொளவென்று ஆகிவிட்டன. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "என்ன அக்கா, பாதியா ஆயிட்டீங்க" என்றார்கள். அந்த வார்த்தை அவளுக்கு எந்த இனிப்பையும் விட இனித்தது.

அப்படியானால் வேலை? ருசி பார்ப்பதுதானே அவள் பிழைப்பு? முதலில் சில நாள் நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினாள். துப்பினாலும் ருசி நாக்கிலேயே நின்று ராத்திரியெல்லாம் தூங்க விடவில்லை. பிறகு கரண்டியை உதடு வரைக்கும் கொண்டுபோய், முதுகைத் திருப்பிக்கொண்டு, குழாயில் கழுவிவிட்டு "சரி" என்றாள். கிரீம் பக்கத்தில் நிற்கும்போது வாசனை ஏறாமலிருக்க வாயால் மூச்சு விடவும் பழகிக்கொண்டாள். இத்தனை வருஷ அனுபவத்துக்குக் கண்ணே போதும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவள் நாக்கை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஒருவரும் படவில்லை. பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான் என்பதெல்லாம் அகப்படும் நாள் வரைக்கும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

அந்த நாள் டீச்சர் வீட்டுப் பிறந்தநாள் அன்று வந்தது.

டீச்சரின் மகளுக்குப் பாதாம், முந்திரி என்று எந்தப் பருப்பும் ஒத்துக்கொள்ளாது. ஒரு பொட்டு உள்ளே போனாலும் உதடு வீங்கும், தொண்டை அடைக்கும். ஒருமுறை மூச்சு நின்று திரும்பி வந்த குழந்தை. டீச்சர் வேறு எந்தக் கடைப் பண்டத்தையும் வீட்டுக்குள் விடுவதில்லை; இந்தக் கடைக்கு மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை வருவாள், அதுவும் ருசியக்காவை நம்பி. இந்தத் தடவையும் நேரில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நீங்களே ருசி பாத்து அனுப்புவீங்கல்ல?"

"நான் பாக்காம இங்கிருந்து எது வெளிய போயிருக்கு டீச்சர்?" என்றாள் ருசியக்கா. சொல்லும்போது முகத்தில் ஒரு ரேகை கூட மாறவில்லை.

காலையில் இரண்டு கேக்குக்கான கிரீமை அவளே அடித்தாள். டீச்சர் வீட்டுக்கு வெறும் கேரமல். ஓர் ஆபீஸ் விருந்துக்குப் பாதாம் விழுது சேர்த்த கேரமல். இரண்டும் ஒரே பழுப்பு. பாத்திரங்களைத் தனித்தனியாகக் கழுவினாள், கரண்டியைக் கூட மாற்றினாள். அந்தக் கவனத்தில் குறையில்லை. பிறகு இரண்டு டப்பாவையும் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போய் வெந்நீர் குடித்தாள். பசியில் தலை சுற்றியது. திரும்பி வந்து ஒரு டப்பாவை எடுத்தாள், கேக்கில் பூசினாள், பூ போட்டாள், கரண்டியை உதட்டுக்குக் கொண்டுபோனாள், கழுவினாள். "சரி" என்றாள். புருஷன் கேக்கை வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மத்தியானத்துக்கு மேல் ஆபீஸ் கேக் தயாராயிற்று. அதற்கும் ருசியக்கா "சரி" சொல்லியாகிவிட்டது. அந்தப் பக்கம் வந்த முதலாளியம்மா டப்பாவில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தாள்.

"என்ன ருசியக்கா, பாதாமையே காணோம்?"

ருசியக்காவுக்கு முதலில் காது அடைத்தது. பாதாமைப் போட்டாளா, போடவே மறந்தாளா? போட்டிருந்தால் அது எங்கே போயிற்று? காலையில் தீர்ந்த டப்பா கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. அதில் என்ன இருந்தது என்று இனி எந்த நாக்காலும் சொல்ல முடியாது.

"கொஞ்சம் இருங்கம்மா, நான் பாக்குறேன்" என்றாள். அந்த நிமிஷத்திலும் அவளுக்கு முன்னால் வந்து நின்றது மானம்தான். உண்மையைச் சொல்லாமல் பின்வாசல் வழியாக வெளியே ஓடினாள். டீச்சருக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறந்தநாள் வீட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

புருஷன் வேனில் சாய்ந்து தன் விரலகலத் துண்டைத் தின்றுகொண்டிருந்தார்.

"வண்டியை எடுங்க. டீச்சர் வீட்டுக்கு."

அவள் முகத்தைப் பார்த்தவர் மறு பேச்சுப் பேசாமல் எடுத்தார். இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் கேட்டார். அவள் சொன்னாள். டப்பா மாறியிருக்கலாம் என்றாள். மாறாமலும் இருக்கலாம் என்றாள்.

"இருக்கலாம்னா? நீ ருசி பாத்தியா இல்லியா?"

"பாக்கலை."

"இன்னைக்கா?"

"மூணு மாசமா."

அவர் சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினார். கோபக்காரர் இல்லை அவர். ஆனால் இப்போது அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"நீ பட்டினி கெடந்தே, அது உன் இஷ்டம். என்னை எளக்காரமாப் பேசினே, பரவாயில்ல. ஊரான் புள்ள உசுரை வச்சா வாயைக் கட்டுவே?"

"வேகமாப் போங்க" என்றாள் அவள். கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, எடு எடு என்று முனகிக்கொண்டே வந்தாள். பச்சை விழுவதற்குள் ஒரு யுகம் ஆயிற்று.

டீச்சர் வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் எங்கோ மேலே நின்றது; படியில் ஏறினாள். எடை குறைந்த உடம்புதான், ஆனால் காலில் பலமே இல்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே பலூன்கள், கைதட்டல், சின்னப் பிள்ளைகளின் கூச்சல். மெழுகுவத்தியை அப்போதுதான் ஊதி அணைத்திருந்தார்கள். கேக் இன்னும் வெட்டப்படவில்லை. ருசியக்காவுக்கு அழுகை வரும்போல இருந்தது.

"வெட்டாதீங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அப்போதுதான் பிறந்தநாள் குழந்தையின் கையைப் பார்த்தாள். கேக்கிலிருந்து பிடுங்கிய ஒரு மெழுகுவத்தி. அதன் அடியில் ஒட்டியிருந்த கிரீமைக் குழந்தை நக்கி முடித்திருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் டீச்சர்.

"அதுல பாதாம் இருக்குமோன்னு..."

டீச்சரின் முகம் வெளுத்தது. ஆனால் கை தானாகவே அலமாரிக்குப் போய், இப்படி ஒரு நேரத்துக்கென்றே வைத்திருந்த ஒவ்வாமை ஊசியை எடுத்தது. குழந்தையை இழுத்து உதட்டைப் பார்த்தாள். லேசாகச் சிவந்திருந்தது. ஓடி விளையாடிய சிவப்பா, வேறா என்று தெரியவில்லை. "தொண்டை அரிக்குதாடா?" என்று கேட்டாள். பயந்துபோன குழந்தை ஆமாம் என்றும் தலையாட்டியது, இல்லை என்றும் ஆட்டியது.

"இருக்கா, இல்லையா? ஒண்ணைச் சொல்லுங்க. நீங்கதானே ருசி பாத்தீங்க?"

ருசியக்கா வாயைத் திறந்தாள். மூடினாள்.

"நீங்க பாக்கலையா?"

பின்னாலேயே ஓடி வந்த புருஷன் கேக்கை நோக்கிக் கையை நீட்டினார். அதற்குள் ருசியக்கா மேஜையிலிருந்த கரண்டியை எடுத்துவிட்டாள். கேக்கின் ஓரத்தில் ஆழமாக இறக்கி எடுத்து வாயில் போட்டாள்.

முதலில் இனிப்பு மட்டும்தான். தாடை இரண்டும் வலிக்கும் அளவுக்கு இனிப்பு, கண்ணில் நீர் வரும் அளவுக்கு. வேறு எதுவும் தெரியவில்லை. நாக்கு போய்விட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தாள். அறையே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடினாள். வெண்ணெய் வந்தது. கருகிய சர்க்கரையின் சின்னக் கசப்பு வந்தது. விழுங்கும் நேரத்தில், நாக்கின் கடைசியில், மணல்போல் ஒரு நரநரப்பு.

"இருக்கு" என்றாள். "பாதாம் இருக்கு."

டீச்சர் குழந்தையின் தொடையில் ஊசியை வைத்து அழுத்தினாள். குழந்தை வீறிட்டது. வாசலில் நின்ற வேன்தான் கைக்கு எட்டிய வண்டி. முன்னால் மூன்று பேருக்குத்தான் இடம். புருஷன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார், டீச்சர் செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினாள். யாரும் ருசியக்காவைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை.

விருந்தாளிகள் தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். அவளைத் தாண்டிப் போகும்போது ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் அவளும் பலூன்களும் அந்தக் கேக்கும் மட்டும் மிச்சம்.

குழந்தை திரும்பி வருவதற்குள் அதை அப்புறப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி வெளியே குப்பையில் போட வேண்டும். மேஜையைத் துடைக்க வேண்டும். எழுந்து கிட்டே போனாள். கரண்டி இன்னும் கையில்தான் இருந்தது.

முதல் வாய்க்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டாவது வாய்க்கு இல்லை. மூன்றாவதற்கும் இல்லை. ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவிக்குமோ என்ற பயம் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. அந்த நெஞ்சு வழியாகவே கேக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. நிறுத்து என்று சொல்லிக்கொண்டாள். கை கேட்கவில்லை. மூன்று மாதமாக ஒரு துண்டுக்குக் கூட வழிவிடாத கை, இப்போது ஒரு துண்டோடு நிற்க வழி தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது. கரண்டியை வைத்துவிட்டு விரலாலேயே வழித்தாள். தன்னைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கேக் மிகவும் நன்றாக இருந்தது. இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை.

போன் அடித்தது. கிரீம் படிந்த விரலால் எடுத்தாள். புருஷன்.

"ஒண்ணும் பயமில்ல. உதடு கொஞ்சம் வீங்கிச்சு, எறங்கிட்டு வருது. சரியான நேரத்துல ஊசி போட்டதாலதான்னு டாக்டர் சொல்றாங்க. ராத்திரி வரைக்கும் வச்சிருந்து பாத்துட்டு அனுப்புவாங்களாம்."

வாய் நிறைய இருந்தது. அவர் குரலுக்குப் பின்னால் குழந்தை கத்தி அழுவது கேட்டது. தொண்டை திறந்த அழுகை. அதைக் கேட்டபடியே அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"கேக்குதா? நீ அங்கதான் இருக்கியா?"

"ம்."

"டீச்சர் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. நாளைக்கு என்ன பண்ணப் போறோம்னு தெரியலை."

அவள் விழுங்கினாள். "முதலாளியம்மாகிட்ட நானே சொல்லிடறேன். மூணு மாசத்தையும்."

குழந்தையின் அழுகையில் இப்போது வார்த்தைகள் இருந்தன.

"கேக்குக்குத்தான் இந்த அழுகை. தனக்கு வாங்கின கேக்கு எங்கேன்னு எங்கிட்டயே கேக்குறா. நான் என்ன சொல்ல?"

ருசியக்கா நிமிர்ந்து மேஜையைப் பார்த்தாள். அட்டையில் கால்வாசி கூட மிச்சமில்லை.

"நான் தின்னுட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.