ஆம்ப்ளிஃபயருக்குள் மச்சானின் குரல்

ஹெவி மெட்டல் கிதார்க்காரரின் ஆம்ப்ளிஃபயருக்குள் அவருடைய மச்சானின் குரல் இருபது வருடம் குடியிருந்தது. இசைக்குழுவின் கடைசிக் கச்சேரியில், பாடகரான மச்சான் உச்சத்தில் அலறிய நேரம் பார்த்து, நம் ஆள் வீம்புக்குத் தன் கிதாரின் ஒலியைக் கடைசிவரை திருகிவிட்டார். அலறல் மேடையைத் தாண்டவில்லை. நேரே பெட்டிக்குள் போய்விட்டது. அதன்பின் மச்சான் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான். அவர் டயர் கடை வைத்துக்கொண்டார், இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

குரல் சுகமாகத்தான் இருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் கிதார்க்காரரின் மனைவியான தன் தங்கையிடம் நலம் விசாரிக்கும். அவளும் காய் நறுக்கியபடி அதோடு ஊர்க்கதை பேசுவாள். கிதார்க்காரரிடம் மட்டும் அது முகம் கொடுக்காது, முகமே இல்லாவிட்டாலும். "அண்ணன் குரலைக் குடுத்துடுங்களேன்" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "அவரே வந்து வாய்விட்டுக் கேக்கட்டும்" என்பார் கணவர். "எந்த வாயால கேப்பாரு?" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

தலை நரைத்த பிறகு கிதார்க்காரருக்குத் தனி ஆல்பம் போடும் ஆசை வந்தது. எல்லாம் முடிந்து, கடைசிப் பாட்டுக்கு மட்டும் பாடகர் வேண்டியிருந்தது. வெட்கமே இல்லாமல் பெட்டி முன்னால் மைக்கை வைத்தார். "ஆளு வராம ஒரு வரி வராது. போய்க் கூட்டிட்டு வாங்க மாப்ள" என்றது குரல்.

டயர் கடை வாசலில் அவரைக் கண்டதும் மச்சான் காற்றடிக்கும் மெஷினை ஓடவிட்டார், பேசுவது காதில் விழக்கூடாதென்று. கிதார் இல்லாமல் கத்திப் பழக்கமில்லாத மனிதர் அந்த இரைச்சலை மீறிக் கத்தினார்: "தப்பு என் மேலதான் மச்சான்! ஜனங்க எல்லாம் உங்களையே பாத்தாங்க, எனக்குப் பொறுக்கல!" தெருவே திரும்பிப் பார்த்தது. மச்சான் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஒலிப்பதிவு அறையில் முழு ஒலியில் வாசித்தபோது குரல் அசையவில்லை. பாதியாக்கியதும் இருமியது. காதைப் பிளக்க வாசித்தே பழகிய மெட்டல்காரருக்கு ஒலியைக் குறைப்பது மானப் பிரச்சினை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரம் கேட்கும் அளவுக்குக் குறைத்து வாசித்தார். மச்சானுக்கு ஒரு விக்கல் எடுத்தது.

"இன்னும் கொஞ்சம் குறைங்க மாப்ள" என்றார், சொந்த வாயால். கிதார்க்காரர் ஓவென்று அழுதுவிட்டார். அதுவும் பாட்டில் பதிவாகியிருக்கிறது.

குரலுக்கு மட்டும் வயது ஏறவில்லை. கடைக்கு ஃபோன் செய்கிறவர்கள் இன்றும், "தம்பி, முதலாளியைக் கூப்பிடு" என்கிறார்கள். மச்சான் "இருங்க" என்று சொல்லிவிட்டு, நிதானமாக ஒரு வாய் டீ குடித்து, அதே குரலில் "சொல்லுங்க" என்கிறார். ஏன் அதே குரல் என்று யாரும் கேட்பதில்லை.