கடியபட்டணம் சென்ற வீடு

2010ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், தாழக்குடி பூதலிங்கம் என்பவருடைய வீடு தென்மேற்குத் திசை நோக்கி நடக்கத் தொடங்கியது. அந்த வாரம் வடசேரிச் சந்தையில் ஏத்தன் வாழைக்குலை நல்ல விலைக்குப் போயிற்று. மழை வழக்கத்தைவிடச் சற்றே கூடுதல். இரண்டு கட்டும் ஓட்டுக்கூரையும் கொண்ட அவ்வீடு, கிணற்றை மட்டும் இருந்த இடத்தில் விட்டுவிட்டு, நாளொன்றுக்கு ஒரு வயலின் நீளம் நகர்ந்தது. சுவரில் கீறல் விழவில்லை. அடுக்களையில் தயிர்ச்சட்டி தளும்பவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற பூதலிங்கம், திருநீறணிந்து பதிகம் ஓதி முடித்து வாசலுக்கு வந்தபோது, எதிர்வீடு எதிரில் இல்லை. எதிர்வீடுதான் இடம்பெயர்ந்தது என்று அவர் பல வாரம் வாதிட்டார். குறை தம் பக்கம் இருக்கக்கூடும் என்று எண்ணும் வழக்கம் அவருக்குப் பணிக்காலத்திலும் இருந்ததில்லை.

காரணம் ஒரு மோதிரம். கடற்கரை ஊராகிய கடியபட்டணத்தில் 2004இல் செசிலிக்கும் ஜேசுதாஸுக்கும் திருமணம் நடந்தபோது, பீடத்தின் முன் மணமகன் அணிவித்த மோதிரம் அவனுடைய அக்காள் எலிசாவுக்கு உரியது. பந்தி முடியும் முன்னரே எலிசா அதைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். கப்பல் வேலைக்குச் சென்ற ஜேசுதாஸ், இரண்டாம் ஆண்டில் நார்வே நாட்டுப் பெர்கன் துறைமுகத்தில் மனைவிக்கென்று ஒரு பொன்மோதிரம் வாங்கினான். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்திருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இராது. ஆனால் அவன் கப்பலில் ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டைக் கற்றிருந்தான். காட்டிலோ பாறையிடுக்கிலோ ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை இணையத்தில் அறிவிப்பார். பிறர் கையடக்கக் கருவியோடு தேடிப் போவார்கள். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும் என்பது விதி. அவற்றுள் சில பொருள்கள் எண் பொறித்த வில்லையோடு கிடக்கும், அவை பயணிகள். எடுத்தவர் எண்ணை இணையத்தில் பதிந்து, அடுத்த பெட்டிவரை சுமந்து சென்று விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு பயணிக்கும் உடையவர் குறித்த சேருமிடம் உண்டு. ஜேசுதாஸ் மோதிரத்தை ஒரு வில்லையில் கோத்து, சேருமிடம் ‘கடியபட்டணத்தில் என் மனைவி செசிலியின் விரல்’ என்று எழுதிப் பெர்கனில் ஒரு மரத்தடியில் விட்டு வந்தான். விட்டு வந்த பெருமையைத் தொலைபேசியில் மனைவியிடம் சொல்லவும் செய்தான்.

“தங்க மோதிரத்த மரத்துக்க மூட்டுல வச்சிட்டு வந்திருக்கீரே, புத்தி கெட்டுப்போச்சா ஒமக்கு?”

“உலகம் சுத்திட்டு வரட்டும் பிள்ளே. ஒரு ராணிக்குக்கூட மோதிரம் இப்படி வராது.”

“ராணிக்கு கையில கொண்டு குடுப்பாவ. அது எனக்க வெரலுக்கு வாறவர நீரு எனக்க வாசல மிதிக்கப்பிடாது, கேட்டீரா?”

இதை அவள் அந்தோணியார் குருசடியில் மெழுகுதிரி ஏற்றிவைத்தும் சொல்லிவிட்டாள். ஆகவே சொல்லைத் திரும்பப் பெறும் வழியில்லை. விடுப்பில் வரும்போதெல்லாம் ஜேசுதாஸ், மூன்று வீடு தள்ளி அக்காள் எலிசாவின் வலைக்கொட்டிலில் படுத்துறங்கினான். தன் வீட்டுச் சோற்றின் மணம் காற்றில் வரும்போது அங்கிருந்தே முகர்ந்துகொண்டான்.

நம் பழம்புலவர்கள் முகிலையும் அன்னத்தையும் கிளியையும் வண்டையும் தூது விட்டிருக்கிறார்கள். அனுப்பிய அன்னத்தை இடைவழியில் யாரோ பிடித்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொண்டார் என்று ஒரு செய்யுளும் புலம்பக் காணோம். அக்காலத்து மாந்தர் அத்துணை யோக்கியர் என்று கொள்ள வேண்டியதில்லை. போன தூது போய்ச் சேர்ந்ததா என்று அன்று விசாரிக்க வழியில்லை, அவ்வளவுதான். இணையம் வந்தபின் விசாரிக்கும் வசதி வந்தது. வயிற்றெரிச்சலும் கூடவே வந்தது.

ஆயினும் அயல்நாடுகளில் மோதிரம் குறையின்றி நடந்தது. பள்ளியாசிரியர் ஒருவர் அதைக் காற்றாலைகளின் நாட்டுக்குக் கொண்டுபோனார். துறவி ஒருவர் பனிமலை ஏற்றினார். ஒட்டகக்காரர் ஒருவர் பாலைவனம் கடத்தினார். ஒவ்வொருவரும் எண்ணைப் பதிந்து, படமும் எடுத்துப் போட்டார்கள். செசிலி மணவாளக்குறிச்சியில் இணைய மையத்துக்குப் போய் அப்படங்களைப் பார்ப்பாள். “லோகத்துல உள்ள பொம்பளையளு எல்லாம் போட்டுப் பாத்தாச்சி, எனக்க வெரலு ஒண்ணுதான் பாக்கி” என்று எலிசாவிடம் சொல்வாள். எலிசா தன் விரலைச் சேலைக்குள் மறைத்துக்கொள்வாள். 2009ஆம் ஆண்டு ஆனி மாதம், அணைக்கட்டு காண வந்த வெளிநாட்டுத் தம்பதியர் மோதிரத்தைப் பேச்சிப்பாறையில் ஒரு பெட்டியில் வைத்துப் பதிந்தார்கள். செசிலி மறுநாளே எலிசாவைக் கூட்டிக்கொண்டு, பேருந்து மாறி மாறிப் போய்ச் சேர்ந்தாள். பெட்டியில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது.

பெட்டியை வைத்தவர் அருமனை டைட்டஸ் என்னும் இயற்பியல் விரிவுரையாளர். மாவட்டத்தில் இவ்விளையாட்டின் முதற்பெட்டி அதுவே. இரண்டாவதை வைக்கும் ஊக்கம் அவருக்கு எஞ்சவில்லை. எறும்பு ஏறாதிருக்கப் பெட்டியைக் கையில் கிடைத்த சிவப்புத் துணியில் பொதிந்து, மரத்தடியில், மூன்று கற்களுக்கு நடுவே வைத்திருந்தார். ஞாயிறுதோறும் தவறாமல் ஆராதனைக்குப் போகும் டைட்டஸுக்கு அதில் தவறொன்றும் தோன்றவில்லை. இம்மாவட்டத்தில் மரத்தடியில் மூன்று கல்லும் ஒரு சிவப்புத் துணியும் இருந்தால் அங்கே யார் இருப்பதாகப் பொருள் என்பதைப் பேச்சிப்பாறையில் அவரைத் தவிர எல்லாரும் அறிவார்கள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். பெட்டிக்குள் கிடந்த நார்வே நாணயத்தையும் மரப்பொம்மையையும் அருட்கொடையாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். டைட்டஸ் இணையத்தில் கடிந்து எழுதினார், கெஞ்சி எழுதினார், ஆங்கிலத்தில் எழுதினார், தமிழில் எழுதினார். எடுத்தவர்களுள் ஒருவரைத் தவிர யாரும் இணையம் பார்ப்பவர்கள் அல்லர்; அந்த ஒருவரோ, தாம் பொருளைப் பத்திரமாக வைத்திருப்பதாகவும் கவலை வேண்டாம் என்றும் மறுமொழி எழுதினார். அந்த மறுமொழிக்குப் பின் டைட்டஸ் சிலகாலம் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொண்டார்.

பூதலிங்கம் தம் மனைவி மீனாட்சியம்மாளோடு அணைக்குச் சுற்றுலா வந்தவர். துணியைக் கண்டார், வணங்கினார், மடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை வைத்தார், மோதிரத்தை எடுத்தார். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும் என்னும் விதியை அறியாமலே அவர் பிழையின்றி ஆடினார். எண் பதிய வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. வில்லையை அவர் யந்திரத் தகடு என்று கொண்டார். வீட்டுக்கு வந்து, பூசை அலமாரியிலிருந்த வெண்கலப் பிள்ளையாரின் துதிக்கையில் மோதிரத்தையும் தகட்டையும் சாத்தி, தேங்காய் உடைத்தார். ஓராண்டுக்கு மேல் அது அங்கேயே இருந்தது. பிறகு வீடு புறப்பட்டது.

புத்தேரிக் குளத்தை வீடு தாமரை இலை மேல் மிதித்துக் கடந்தது. மீனாட்சியம்மாள் அடுக்களைச் சன்னல் வழியே செம்பை நீட்டி நீர் மொண்டாள். பார்வதிபுரத்தில் நெடுஞ்சாலையை அது கடந்த நாளில், வண்டிகள் இருபுறமும் நின்று ஒலிப்பான் அடித்தன. வீட்டுவரி கேட்டு வழியிலிருந்த ஊராட்சிகள் எல்லாம் உரிமை கொண்டாடின. குப்பை அள்ள ஒன்றும் கொண்டாடவில்லை. மின்வாரியத்துப் பணியாளர்கள் மாதந்தோறும் கம்பியைப் புதுக் கம்பத்துக்கு மாற்றிக் கட்டினார்கள், அதற்கும் பழகிவிட்டார்கள். தபால்காரர் மட்டும் மனங்கசந்து மாற்றல் கேட்டார்.

டைட்டஸ் இச்செய்தியைக் கேள்விப்பட்டு, மாவட்ட வரைபடத்தை மேசையில் விரித்து, வீடு நின்ற இடங்களைப் புள்ளியிட்டு அளவுகோலை வைத்தார். கோடு இம்மியும் பிசகாமல், காணாமற்போன மோதிரத்தின் சேருமிடமாகிய செசிலியின் வாசலுக்குப் போயிற்று. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஆளூருக்கு விரைந்தார். வீடு அப்போது இருப்புப்பாதையைத் தாண்டிக்கொண்டிருந்தது. தொடர்வண்டி காத்து நின்றது. பூதலிங்கம் கூடத்தில் காப்பி அருந்திக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, பேச்சிப்பாறையில நீங்க ஒரு மோதிரம் எடுத்தீங்களா?”

“எடுக்கல்ல. கிட்டிச்சு.”

“அது கடியபட்டணத்துல ஒரு பொம்பளைக்கு உள்ளதாக்கும். புருசன் அனுப்பினது.”

“இப்பம் அது பிள்ளையாருக்கு உள்ளது. சாமிக்குச் சாத்தினத உருவி ஆளுக்குக் குடுக்கச் சொல்லுதீரு. அந்தப் பாவத்த நீரு சொமக்கீரா வேய்?”

“வீடு நடக்கே அண்ணாச்சி! அத ஒண்ணும் நெனைக்கல்லியா?”

“நடத்துகவன் நடத்துகான். ஒமக்கு காப்பி வேணுமா?”

டைட்டஸ் காப்பி அருந்தினார். களவு செய்தவனிடம் வழக்காடலாம். பக்தி செய்தவனிடம் வழக்காட எந்த மன்றமும் இல்லை என்பதை அவர் அன்று அறிந்தார். அவர் கடியபட்டணம் சென்று செய்தியைச் சொன்னபோது, போய்க் கேட்டு வாங்கி வரும்படி எலிசா தம்பி மனைவியை உந்தினாள். செசிலி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “நான் எதுக்கு போணும் மைனி? அதான் வருதுல்லா” என்றாள்.

ஜேசுதாஸுக்கு அத்துணைப் பொறுமை இல்லை. அடுத்த விடுப்பில் வந்தவன் நாள்தோறும் மாலையில் வெள்ளிச்சந்தைப் பக்கம் போய் வீடு எவ்வளவு தூரம் வந்தது என்று பார்த்துத் திரும்பினான். விடுப்பு முடியப்போகும் தறுவாயில், கரைமடி இழுக்கும் கூட்டத்தாரை அழைத்துப் போய், வடத்தை வீட்டின் தூண்களில் கட்டி, கரையில் வலை இழுப்பதுபோல் பாட்டுப் போட்டு இழுக்கச் செய்தான். “இழுங்கலே மக்கா, எனக்க குடும்பமாக்கும் அதுக்குள்ள இருக்கு” என்று அவன் கூவியதை வெள்ளிச்சந்தையார் இன்றும் சொல்வார்கள். வீடு இதை அவமதிப்பாகக் கொண்டது. அது அங்கேயே அமர்ந்து, ஜேசுதாஸ் கப்பலேறிப் போகும்வரை அசையவில்லை. அவன் போன மறுநாள் காலையில் எழுந்து மீண்டும் நடந்தது.

2013ஆம் ஆண்டு தவக்காலத்தில் வீடு கடியபட்டணத்துக்குள் நுழைந்தது. வெங்காயமும் பூண்டும் புகாத அந்தச் சைவ மனை, நெத்திலி உலரும் மணலில் ஒரு வாரம் நடந்தது. மீனாட்சியம்மாள் சன்னல்களை அடைத்துச் சூடம் கொளுத்தினாள். பூதலிங்கம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பதிகம் ஓதினார். ஓசை சற்றுக் கரகரப்பாக வெளிவந்தது. வீடு செசிலியின் வாசலோடு தன் பின்வாசலைப் பொருத்தி, ஒரு விரற்கடை இடமும் விடாமல் நின்றது. செசிலி கதவைத் திறந்தபோது எதிரே பூசை அலமாரி இருந்தது. அவள் மோதிரத்தைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

பூதலிங்கம் அலமாரிக்குக் குறுக்கே நின்றார். சாத்தியது சாத்தியதுதான் என்றார். அப்போதுதான் மீனாட்சியம்மாள், பயணம் முழுதும் சொல்லாதிருந்த ஒன்றைச் சொன்னாள்.

“ஏங்க, இத்தன தூரம் வீட்டத் தூக்கிக்கிட்டு வந்தது நீங்களா?”

“நான் எப்படித் தூக்குவேன்?”

“பின்ன, குடுக்க மனசில்லாத பிள்ளையாரு எதுக்கு இவ வாசல்ல கொண்டு எறக்குகாரு? அவருக்கக் கை நீளாதுன்னுதான் ஒங்களுக்கு ரெண்டு கை வச்சிருக்காரு. எடுத்துக் குடுங்க.”

பூதலிங்கம் பிள்ளையாரைப் பார்த்தார். அங்கிருந்து மறுப்பு ஒன்றும் வரவில்லை. தட்டில் திருநீறும் பூவும் வைத்து, அதன் நடுவே மோதிரத்தை வைத்துப் பிரசாதமாக நீட்டினார். செசிலி திருநீற்றை நுனிவிரலால் தொட்டு, சிலுவை வரைந்துகொண்டு, மோதிரத்தை அணிந்தாள். திருமணத்துக்குப் பின் விரல் பருத்திருந்தமையால் மீனாட்சியம்மாள் நல்லெண்ணெய் தடவி ஏற்றிவிட்டாள். டைட்டஸ் வில்லையின் எண்ணை இணையத்தில் பதிந்து, ‘சேர்ந்தது’ என்று எழுதினார். அதைப் பாராட்டிப் பெர்கனிலிருந்து ஒருவர் எழுதினார். பேச்சிப்பாறைக்கும் கடியபட்டணத்துக்கும் இடையே அதற்கு ஏன் நான்காண்டு ஆயிற்று என்றும் கேட்டிருந்தார்.

வீடு திரும்பிப் போகவில்லை. அதற்கென்று யாரும் சேருமிடம் குறித்துவைக்கவில்லை. ஊராட்சியார் கதவெண் கொடுத்தார்கள். அந்த மார்கழியில் ஜேசுதாஸ் கப்பலிலிருந்து வந்தான். செசிலியின் முன்வாசல் அடைபட்டுப்போனதால், பூதலிங்கத்தின் வாசலில் கால் கழுவி, கூடம் கடந்து, பிள்ளையாருக்கு வணக்கம் சொல்லித்தான் தன் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது. அவன் அவ்வாறே போனான். இன்றும் அவ்வாறே போகிறான். மீன் மட்டும் கொல்லைப்புறம் சுற்றிப் போகிறது.