பூசை போடாத பலகை

காற்று நன்றாகத்தான் வீசியது. ஆள்தான் வரவில்லை.

தேவதாஸ் பலகையைத் தண்ணீரிலிருந்து இழுத்துக் கரையில் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். வலது முழங்கால் மடங்க மறுத்தது. இடது முழங்கால் நிமிர மறுத்தது. இரண்டுக்கும் நடுவே சமரசம் பேசியே அவருக்குப் பாதி உயிர் போயிருந்தது. இனிப் பாயைச் சுருட்ட வேண்டும், கம்பத்தைக் கழற்ற வேண்டும், எல்லாவற்றையும் கொட்டகைக்குத் தூக்கிப்போக வேண்டும். நாளைக்கு மறுபடி கொண்டுவந்து விரிக்க வேண்டும். யாருக்காக?

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா அவர். தூலோன் துறைமுகத்தில் இருந்தபோது கற்றது இந்த விளையாட்டு. ஒரு நீளப் பலகை, அதன் மேல் ஒரு பாய், பாயைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள். மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். பிரெஞ்சுக்காரன் அதற்கு நீட்டி முழக்கி ஒரு பேர் வைத்திருந்தான். குருசுக்குப்பத்துக்கு வடக்கே, அலை அரிப்புக்குக் கல் கொட்டாமல் விட்டுவைத்திருந்த அந்தத் துண்டு மணலில் அது 'பிளாஞ்சு' என்று சுருங்கிவிட்டது.

பலகை வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். சுனாமிக்குப் பிறகு எங்கெங்கிருந்தோ நிவாரணச் சாமான் வந்ததல்லவா, அதில் ஒரு பெரிய பெட்டி நிறையக் கம்பளி ஸ்வெட்டர். வந்து சேர்ந்தது மே மாதம். குப்பத்து ஆடுகள் எல்லாம் அந்த வருஷம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தன. ஒரு கிடாய்க்குக் கழுத்துப் பட்டனைப் போடாவிட்டால் இருமல் வந்துவிடும் என்கிற அளவுக்குப் பழகிப்போனது. அந்தப் பெட்டியின் அடியில் கம்பமும் பாயுமாகக் கிடந்தது இந்தப் பலகை. வெகுநாள் அதன் மேல் கருவாடு காய்ந்தது. அந்தப் பக்கம் நடக்கப் போன தேவதாஸ் அதைப் பார்த்துவிட்டு, கருவாட்டைத் தள்ளி, பலகை மேல் முகத்தை வைத்து அழுதார் என்பார்கள். அதெல்லாம் இல்லை. கருவாட்டு நெடிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

அப்போது மனைவி இறந்து ஒரு வருஷம். மகன் பிரேம்குமார் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு மாடிவீட்டில் இருந்தான். அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல் தெரியும். அதைத் திறந்தால் இந்த ஜன்னல் தெரியும். ஞாயிறுதோறும் போன் செய்வான்.

"பப்பா, அங்க தனியா இன்னா பண்ற? வந்துடு."

"கிளப்பு நடத்துறன்டா."

"எத்தினி பேரு இருக்காங்க?"

"சேந்துக்கினு இருக்காங்க."

ஒவ்வொரு ஞாயிறும் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் மகன் விடவில்லை. மாசி மகத்துக்குள் ஆள் சேராவிட்டால் மூட்டை கட்டிவிடுகிறேன் என்று தேவதாஸ் வாக்குக் கொடுத்துவிட்டார்.

செய்யாதது எதுவும் இல்லை. 'எல்லோரும் வரலாம், கட்டணம் இல்லை' என்று தமிழிலும் பிரெஞ்சிலும் தட்டி எழுதி வைத்தார். ஆட்டோவில் மைக் கட்டிச் சாரம் பகுதி வரைக்கும் போய்க் கூவினார். சுண்டல் கொடுத்தார்; சுண்டலுக்கு ஆள் வந்தது. காலாப்பட்டிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து, பாயைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருவன் மட்டும் ஏறினான். ஏறிய வேகத்தில் விழுந்தான். அவன் குடித்த தண்ணீரில் கடல் ஒரு முழம் உள்வாங்கிவிட்டது. மறுபடியும் சுனாமிதான் என்று ஊரே மேட்டுத் தெருவுக்கு ஓடியது. அவன் ஓரமாகக் குந்தி வாந்தி எடுத்த பிறகுதான் கடல் பழைய இடத்துக்கு வந்தது.

குப்பத்து ஆண்கள் வலை பழுது பார்த்தபடி, சீட்டாடியபடி, எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார்கள். பிரெஞ்சில் 'ஐயா' என்கிற 'முசே'தான் அவர்களிடம் தேவதாஸின் பேர்.

"இன்னா முசே, இன்னிக்கும் துணி காயப் போட்டாச்சா?" என்றான் கண்ணையன், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீதான் ஒருவாட்டி ஏறிப் பாரேன்டா."

"எம் பொண்டாட்டி திட்டுவா."

"நீ கடலுக்குப் போறதுக்கு அவ திட்டிப் பாத்ததில்லியே."

"போவலன்னாதான் திட்டுவா. கடலுக்குப் போவாம துணி புடிச்சிக்கினு வெளயாடுனா வுடுவாளா?"

சிரிப்பு அடங்குவதற்குள் பஞ்சாயத்துத் தலைவர் கோவிந்தசாமி வந்துவிட்டார். கடல் காற்றுக்கு அவர் மீசை மேற்குப் பக்கமாகவே வளர்ந்திருந்தது.

"முசே, மகத்துக்கு நம்ம சாமி வைத்திக்குப்பத்துக் கடலுக்குப் போவுது. சப்பரம் கட்ட, நீ பலகை வச்சிருக்கிற ஊர்க் கொட்டாய் வேணும். நம்ம ஊரு ஆளுங்க உன் பிளாஞ்சுக்கு வந்தாங்கன்னா பலகை ஒரு மூலையில இருந்துட்டுப் போவட்டும். வரலன்னா காலி பண்ணிடு."

தேவதாஸுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. "ஏன் வரமாட்டேன்றாங்க கோவிந்தசாமி? அதையாவது சொல்லேன்."

கோவிந்தசாமி அவரைப் பாவமாகப் பார்த்தார். "பூசை போட்டியா?"

"எதுக்கு?"

"எதுக்கா! குங்குமம் வக்கல, எலுமிச்சம்பழம் கட்டல, ஒரு பேரு வக்கல. பூசை போடாததுல எங்காளு கால வப்பானா? மைக்கு கட்டிக் கூப்பிட்டா ஆச்சா?"

தேவதாஸ் தலையில் அடித்துக்கொண்டார். குப்பம் முழுக்கத் தெரிந்த விஷயம். இவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்து யாரும் சொல்லவில்லை. ஓர் எலுமிச்சம்பழம் இல்லாமல் இத்தனை நாளாகப் பலகையை இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அங்கேயே வெள்ளிக்கிழமை காலை என்று நாள் குறித்தார்கள். பூசை முடிந்தால் நானே முதலில் ஏறுகிறேன் என்று கண்ணையன்கூடச் சொன்னான்.

புதன்கிழமை பிற்பகல், கண்ணையன் மனைவி கமலவேணி மார்க்கெட்டில் மீன் விற்று முடித்துக் காலி அன்னக்கூடையோடு வந்தாள். பலகை அருகே நின்றாள்.

"முசே, இது படகா, இல்லியா?"

"படகு மாதிரிதான்."

"பூசை ஆச்சா?"

"வெள்ளிக்கெழம."

"அப்ப இன்னும் படகு ஆவல" என்று கூடையைக் கீழே வைத்தாள். "நான் ஏறலாம்."

பூசை போட்ட படகில் பெண்கள் கால் வைக்கக் கூடாது என்பது அந்தக் குப்பத்து வழக்கம். கரையில் கிடந்தால்கூடத் தாண்டாமல் சுற்றித்தான் போக வேண்டும். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தவள், கடல் மீனை விற்றவள், கடல் மேல் ஒருநாளும் போனதில்லை.

தேவதாஸ் பலகையில் வலைக்கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கரையில் அடித்த முளையில் கட்டினார். இடுப்பளவுத் தண்ணீர் போதும் என்றார். கமலவேணி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறினாள். பாயைத் தொடுவதற்கு முன்பே விழுந்தாள். "இன்னொருவாட்டி" என்றாள். விழுந்தாள். விழுந்து விழுந்து கடைசியில் பாயில் காற்று பிடித்தது. கயிறு தீரும் மட்டும் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ முசே! நம்ம ஊரு இவ்ளோ சின்னதா இருக்குது!"

மறுநாள் பாக்கியலட்சுமியும் சின்னப்பொண்ணும் இன்னும் சிலரும் வந்தார்கள், நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு. பாக்கியலட்சுமி விழுந்த அதிர்ச்சியில் ஒரு கூட்டம் மத்தி கரையில் ஒதுங்கியது. அதையும் அள்ளி விற்றார்கள். சின்னப்பொண்ணு ஏறவே இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "குனியாதடி, குனியாத! ஆட்டுக்கல்லு ஆட்டுறியா?" என்று எல்லோருக்கும் பாடம் நடத்தினாள். ஒருத்தி டீ வாங்கிவந்தாள். தேவதாஸ் தொண்டை கட்டி, முதுகு விட்டுப்போய், மணலில் சாய்ந்து கிடந்தார். வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பூசாரி வந்தார். ஆண்கள் துவைத்த வேட்டியில் வந்தார்கள். பலகைக்குப் பூ வைத்தாயிற்று. தூரத்தில் வலைக்குவியலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூடையோடு நின்றார்கள். அந்த நேரம் மார்க்கெட்டில் இருக்க வேண்டியவர்கள். அவர்கள் எதுவும் கேட்கவில்லை. அதுதான் தொல்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

இந்தக் குங்குமம் பட்டால் கொட்டகை மிஞ்சும், கிளப்பு மிஞ்சும், அந்த எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்கப் போக வேண்டாம். கோவிந்தசாமி குங்குமத்தைத் தொட்டார்.

"கோவிந்தசாமி, நிறுத்து."

"இன்னா?"

"இது படகு இல்ல. வெறும் பலகை. பலகைக்கு எதுக்குப் பூசை?"

"அன்னிக்கு சரின்னு தலையாட்டுன?"

"தெரியாம ஆட்டிட்டன்."

"எங்காளு ஒருத்தனும் வரமாட்டான், பாத்துக்க."

"தெரியும்."

"கொட்டாயும் கெடையாது."

"அதுவும் தெரியும்" என்று தேவதாஸ் மணலில் உட்கார்ந்துவிட்டார். வீம்பு இல்லை. நிற்க முடியவில்லை.

நல்ல நேரத்தை வீணாக்கக் கூடாது என்று பூசாரி அந்த எலுமிச்சம்பழத்தைக் கண்ணையனின் மொபெட்டில் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு மொபெட் படகாகிவிட்டது; மழைத்தண்ணீரில் மிதந்துதான் போகிறது, பெட்ரோலே தேவைப்படுவதில்லை.

ஆண்கள் கலைந்ததும் கமலவேணி வந்து துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தாள். "தூக்குங்கடி" என்றாள். நாலு தலைமேல் பலகை ஏறியது. கம்பம் ஒருத்தி தோளில், பாய் சின்னப்பொண்ணு கையில்.

"எங்கடி கொண்டுபோறீங்க?" என்று கண்ணையன் ஓடிவந்தான்.

"நம்ம வூட்டு சந்துக்கு."

"என்னைக் கேட்டியா?"

"தொடாத! பூசை போடாதது, உனக்கு ஆவாது."

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "பப்பா, மகம் வந்துடுச்சு. டிக்கெட் போடவா?"

"வேணாம்பா. ஆள் சேந்துடுச்சு."

"நெசமாவா? எத்தினி பேரு?"

தேவதாஸ் மனசுக்குள் எண்ணத் தொடங்கினார். வெயில் தாழ்ந்து கடல் காற்று தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. இன்றைக்காவது சாயங்காலம் வரைக்கும் படுத்துக் கிடக்கலாம் என்று பாய் விரித்து வைத்திருந்தார். வாசலில் கமலவேணியின் குரல் கேட்டது.

"முசே! எல்லாரும் வந்து காத்துக்கினு இருக்கோம். இன்னும் தூக்கமா?"

"அப்புறம் பேசுறன்" என்று போனை வைத்தார். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.