மூக்குக் குழாயும் முக்காடும்

மறுபடியும் மோட்டார் அலறியது. மாரல் கழுவிக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். காலையிலிருந்து இதே ஓட்டம்தான்.

மாமனார் அன்னாகெல்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூக்கில் மெல்லிய குழாய். தலைமாட்டில் சத்துப்பால் பை. பால் நகரவில்லை என்றால் கத்தித் தீர்க்கும் அந்தச் சின்ன மோட்டார். உணவுக்குழாயில் புற்று வந்த பிறகு அவருக்குத் தேநீர்கூட இறங்குவதில்லை. சனிக்கிழமை கொன்பத் ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பார்கள். ஏறியிருந்தால் அறுவை சிகிச்சை. இன்னும் இறங்கியிருந்தால் அதுவும் கிடையாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அறுவைக்கு எப்போது கூப்பிட்டாலும் நான் தயார் என்று, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சவடால் அடித்துக்கொண்டிருந்தார் கிழவர்.

"மறுபடியும் கட்டி தட்டிச்சா? சல்லடைன்னு ஒண்ணு வீட்ல இருக்கிறது தெரியுமா உனக்கு?" மாமியார் பீபிஜெமால் வாசலிலிருந்தே ஆரம்பித்தாள். இந்த வெள்ளைத் தண்ணீரை விட்டுத்தொலைத்து, ஆட்டுவால் கொழுப்பு மிதக்கும் சோர்பா சூப்பை ஊற்றினால் மனுஷன் எழுந்து நடப்பார் என்று முணுமுணுத்தபடி அதைக் கொண்டுவர அடுக்களைக்குப் போனாள்.

பாலில் கட்டியெல்லாம் இல்லை. நேற்றே மாரல் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். போர்வைக்குள்ளிருந்து நழுவி வந்த கை, குழாயின் கவ்வியை அழுத்தி மூடியது.

யாரிடம் சொல்வது? மாமியாரிடம் சொன்னால் தெருவே கூடிவிடும். கிழவர் ரோஷத்தில் குழாயையே பிடுங்கி எறிவார். கணவன் மெரெத் லாரியோடு மஷ்ஹத் போயிருக்கிறான். இவரிடமே கேட்கலாமென்றால், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முக்காட்டின் ஓரம் அவள் பல்லிடுக்கில் இருக்கிறது. மாமனார் எதிரே துர்க்மென் மருமகள் வாய் திறப்பதில்லை. அவள் குரல் எப்படியிருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

அடுக்களையில் கரண்டி உரசியது. அந்தக் கொழுப்பு உள்ளே போனால் குழாய் நிஜமாகவே அடைத்துக்கொள்ளும்.

மாரல் முக்காட்டைப் பல்லிலிருந்து விட்டாள்.

"மாமா, இதை நீங்கதான் மூடுறீங்க."

முரட்டுக் குதிரைகளை அடக்கிப் பேர் வாங்கிய மனிதர் மெல்லத் திரும்பினார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எடை ஏறிட்டா அறுத்துடுவாங்களேம்மா."