ஏலம் போன தொட்டில்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. அக்கா வீட்டிலிருந்து திருடினேன். திட்டுவதென்றால் இப்போதே திட்டிவிடுங்கள்.

முதல் தொடக்கம்: "இணைய ஏலத்தில் வென்ற பொருளை விற்றவர் தர மறுத்தால்…" (சட்டப் புத்தகம் மாதிரி இருக்கிறது. வேண்டாம்.)

இரண்டாவது: "கைக்குழந்தையான மகள் இறந்த மறுவாரமே, அத்தான் அக்காவைக் கேட்காமல் தொட்டிலை விற்றுவிட்டார்." இது இருக்கட்டும். "வெறும் மரம்தானே" என்றாராம். பாவி மனுஷன்.

2

போன மாதம் அதே தொட்டில் இணைய ஏலத்துக்கு வந்தது. ஆட்டி ஆட்டி அக்காவின் வளையல் உரசிய தடம் படத்திலேயே தெரிந்தது. அவள் விடாமல் ஏலம் கேட்டு ஜெயித்தாள். பணமும் கட்டியாயிற்று. தொட்டில் மட்டும் வரவில்லை.

அத்தான் வக்கீல். "ஏலம் முடிஞ்சாலே ஒப்பந்தம்தான். முதல்ல ஏலத் தளத்துல புகார், அப்புறம் நோட்டீஸ். அதுக்கும் மசியலன்னா கேஸ். ஆனா கடையில கிடைக்கிற சாமான்னா நஷ்டஈடுதான் கிடைக்கும். இதே தொட்டில்தான் வேணும்னா, இதுக்கு ஈடா வேற இல்லன்னு நிரூபிக்கணும்."

"நீங்களே எழுதுங்க, ஏன் ஈடு இல்லன்னு," என்றாள் அக்கா.

அத்தான் பேனாவைத் திறந்தார். (அழுதார் என்று எழுதி அடித்துவிட்டேன். அழவில்லை. எழுதவும் இல்லை.)

3

(இதை நம்பும்படி எழுத எனக்கு வராது.)

ஏலத்தில் விற்ற அம்மாவே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டோம். கிசுகிசுவென்று பேசினார்.

"பணத்தைத் திருப்பி அனுப்பிடறேன்மா. கோவிச்சுக்காதீங்க. தொட்டில்ல குழந்தை தூங்குது."

"யார் குழந்தை?" அத்தான் அதட்டினார்.

"சத்தம் போடாதீங்க சார். நான் தனிக்கட்டை. படம் எடுத்தப்ப காலியாத்தான் இருந்துச்சு. நீங்க ஜெயிச்ச அன்னைக்குத்தான்…"

[அந்த அம்மா பொய்க்காரி என்று ஒரு முடிவு, புத்தி பேதலித்தவர் என்று இன்னொன்று. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஆனால் போனில் அவர் பேச்சை நிறுத்திய பிறகும் ஒரு சின்ன மூச்சு கேட்டதே, அதை எங்கே வைப்பது?]

அக்கா போனை வாங்கிக்கொண்டாள். அவள் குரலும் தாழ்ந்துவிட்டது.

"எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கா?"

"இருங்கம்மா, பாத்துட்டு வரேன்."

4

அவர் வந்து சொன்ன பதிலைக் கேட்டேன். எழுத மாட்டேன். அத்தான் அன்று சாயங்காலமே நோட்டீஸை எழுதி முடித்துவிட்டார் என்பதை மட்டும் சொல்லலாம். ஒரு பக்கம் முழுக்க மகளைப் பற்றித்தான்.

கையெழுத்துப் போட்டாயிற்று. இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் தொட்டில் வந்துவிடும், சட்டம் எங்கள் பக்கம்தான். வரும்போது காலியாக வருமா என்றுதான் அக்கா கேட்கிறாள். அத்தானுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அனுப்பட்டுமா, நீங்களே சொல்லுங்கள்.