ஆப்பிள் மரத்தை நிமிர்த்தியவள்

ரிம்மா அந்த மரத்தைப் பார்த்து இரக்கப்பட்டதுதான் வினையாகிப் போனது.

யெனிசெய் ஆற்றங்கரையில் அவ்வளவு வடக்கே கிடக்கும் ஊருக்கு, தெற்கே கருங்கடல் ஓரத்திலிருந்து வந்த டீச்சர் அவள். இருபத்து நான்கு வயது. பள்ளிக்கூடத் தோட்டத்தில் இருந்ததே ஒரு ஆப்பிள் மரம். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்தால், அதன் கிளைகளை யாரோ தரையோடு தரையாக வளைத்து, மரக்கொக்கி அடித்து மண்ணோடு பிணைத்திருந்தார்கள். எந்தத் தறுதலை செய்த வேலையோ என்று ரிம்மாவுக்குக் கொதித்தது. கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். கிளைகளை நிமிர்த்தி முட்டுக் கொடுத்தாள். நல்ல காரியம் செய்த நிம்மதியில் போய்த் தூங்கியும் விட்டாள். விடிவதற்குள் குளிர் மைனஸ் பதினெட்டுக்கு இறங்கியிருந்தது.

காலையில் தோட்டத்தில் சமையல்காரி கலேரியா இடுப்பில் கை வைத்து நின்றாள். அந்த மரத்தை ஒட்டுக் கட்டிப் பன்னிரண்டு வருடமாக வளர்த்தவள் அவள்தான்.

"யாருடி இதை நிமிர்த்தினது?"

"நான்தான்க்கா. பாக்கவே பாவமா இருந்துச்சு..."

"பாவம் பாத்தாளாம் மகராசி! படுத்துக் கிடந்தா பனி மேல விழுந்து மூடும், பொழைச்சுக்கும். இப்படி நட்டமா நின்னா ஜனவரியில வெறும் விறகு."

"இப்பவே திரும்ப வளைச்சுடறேன்க்கா."

"வளையேன், பாப்போம்."

ரிம்மா ஒரு கிளையைப் பிடித்து அழுத்தினாள். உறைந்துபோன கிளை படக்கென்று ஒடிந்து கையோடு வந்தது. கலேரியா திரும்பி உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பேசவே இல்லை. மத்தியானம் சூப்புக் கிண்ணத்தை மட்டும் ரிம்மாவின் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டுப் போவாள். மரம் செத்துவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடுவது என்று ரிம்மா தீர்மானித்தாள்.

வேடிக்கை என்னவென்றால், கிளை ஒடிந்த அன்றைக்கே மூன்றாம் வகுப்பில் அவள் எடுக்கவேண்டிய பாடம், குளிர்காலத்தில் செடிகொடிகள் பிழைப்பது எப்படி என்பது. எதிரே பதினோரு பிள்ளைகள். புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொன்னாள். குளிர் வந்ததும் பிர்ச் மரம் தன் உயிரணுக்களிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும், உள்ளே மிஞ்சுகிற சாறு சர்க்கரையேறிக் கெட்டியாகிவிடும், அதனால் உறையாது.

"ஜாம் மாதிரியா?" என்றான் மத்வேய். வகுப்பிலேயே நெட்டையன் அவன். "எங்க வீட்டு ஜாமை வெளியில வச்சாலும் கல்லாகாது."

"அதே மாதிரிதான்."

"ஆனா நம்ம ஆப்பிளுக்கு அந்த வித்தை அவ்வளவா வராது, ரிம்மா லெவோவ்னா," என்றாள் குட்டி உல்யானா. "அது தெக்கத்தி மரம். உங்களை மாதிரி."

வகுப்பே சிரித்தது. ரிம்மாவுக்கு முகம் சிவந்தது. வெட்கத்தை விட்டுவிட்டுக் கேட்டாள்: "அப்ப நான் என்னதான் செய்ய?"

"பனியை அள்ளிட்டுப் போய்ப் போத்துவோம். இது ஒரு கேள்வியா?"

முதல் பனி விழுந்த நாளிலிருந்து இடைவேளை தோறும் ரிம்மாவும் சேர்ந்து பன்னிரண்டு பேரும் மண்வாரியும் வாளியுமாக இறங்கினார்கள். மரத்தைச் சுற்றி ஆளுக்கொரு இடம். கை எட்டிய மட்டும் குவித்தார்கள். அதற்கு மேல் வீசியதைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. குவியலை ரிம்மா காலால் மிதித்து இறுக்கப் போனபோது பிள்ளைகள் அலறிவிட்டார்கள்.

"ஐயோ, மிதிக்காதீங்க! உள்ள காத்து இருந்தாத்தான் கதகதப்பு. தலகாணியை யாராவது மிதிப்பாங்களா?"

ஜனவரியில் ஒரு நாள் வெளியே மைனஸ் நாற்பத்து மூன்று. அந்தக் குளிருக்குச் சின்ன வகுப்புகளுக்கு விடுமுறை, பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்தான் பள்ளி. ஆனாலும் மத்வேயும் உல்யானாவும் மூக்கு வரை சால்வை சுற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். ரிம்மா நீளக் கம்பில் வெப்பமானியைக் கட்டிக் குவியலின் அடியில் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவினாள். மைனஸ் ஏழு! நம்பாமல் மறுபடியும் செருகிப் பார்த்தாள். அப்போதும் ஏழுதான். மூச்சு விட்டால் சால்வையிலேயே உறைகிற குளிரில், ஒரு கை ஆழத்தில் வேறொரு பருவமே ஒளிந்திருந்தது. இதெல்லாம் தெரிந்ததுதானே என்கிற மாதிரி பிள்ளைகள் இரண்டும் அவளையே வேடிக்கை பார்த்தன.

மே மாதம் பனி உருகியது. மரம் கன்னங்கரேலென்று நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு துளிர் இல்லை. ரிம்மா பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து வைத்தாள்.

ஜூன் பிறந்து நாலாம் நாள் உல்யானா கத்திய கத்தலில் பள்ளிக்கூடமே தோட்டத்துக்கு ஓடியது. மரத்தின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளைப் பூ. மேல்பாதியில் ஒரு மொட்டு கிடையாது, காய்ந்த குச்சிகள்தான். பூ நின்ற கோடும் நேராக இல்லை. மத்வேய் பனி போட்ட பக்கம் உயர்ந்தும், உல்யானா போட்ட பக்கம் தாழ்ந்தும், பதினோரு பிள்ளைகளுக்கும் கை எட்டிய உயரம் எதுவோ அது வரைக்கும் மரம் பூத்திருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டியது. ரிம்மா தன் இடத்துக்குப் போய்க் கையைத் தூக்கினாள். விரல் நுனியில் பூ பட்டது. விக்கி விக்கி அழுதாள்.

கலேரியா ரம்பத்தோடு வந்தாள். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ரம்பத்தை ரிம்மாவிடம் நீட்டினாள்.

"அழுதது போதும். மேல செத்ததை அறு. அக்டோபர்ல நீயே மண்டி போட்டு வளைச்சுக் கட்டு. நான் நின்னு பாப்பேன்."